உடற்பயிற்சிக்குப் பின் தசையின் ஆற்றல் மீட்சி: பாஸ்பரஸ் எம்ஆர்ஐ அளவீட்டின் கோளாறுகளை அறிகுறிவழி அறிதல்

சுருங்கும் தசை செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உடனுக்குடன் ஈடுகட்டுவது பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்புச் சேர்மம். வேலை நின்றதும், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவில் உருவாகும் ஏடிபியைக் கொண்டு அந்தச் சேமிப்பு மறுபடியும் நிரம்புகிறது. நிரம்பும் வேகத்தை அளந்தால், ஊசி குத்தித் தசைத் துணுக்கை எடுக்காமலேயே மைட்டோகாண்டிரியாவின் திறனை மதிப்பிடலாம். எம்ஆர்ஐ கருவியில் புரோட்டானுக்குப் பதிலாகப் பாஸ்பரஸ் அணுக்கருவின் சிக்னலைப் பதிவு செய்வதே இதற்கான வழி. 1974இல் ஆக்ஸ்போர்டில் எலியின் பின்னங்கால் தசையிலிருந்து, திசுவைச் சிதைக்காமல், இத்தகைய நிறமாலையை (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்; சேர்மங்கள் அதில் சிகரங்களாகத் தெரியும்) பெற்றார்கள். 1981இல் அங்கேயே ஜார்ஜ் ராடாவின் குழு, கிளைக்கோஜனைச் சிதைக்க இயலாத மெக்ஆர்டில் நோயாளி ஒருவரை ஆராய்ந்து, பயிற்சியின்போது அவருடைய தசை அமிலமாகவில்லை என்று காட்டியது. முறை பழையதுதான், ஆனாலும் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு ஆய்வகமும் ஏறக்குறைய ஒரே வகைத் தடுமாற்றங்களைச் சந்திக்கிறது.

கீழே சொல்லப்படுபவை 3 டெஸ்லா கருவி, கெண்டைக்காலின் அடியில் வைக்கப்பட்ட மேற்பரப்புக் காயில் (சிக்னலை அனுப்பிப் பெறும் கம்பிச்சுருள்), பாதத்தால் அழுத்தும் காந்தமற்ற மிதி, ஓரிரு நிமிடப் பயிற்சி, அதன் பின் ஏழு நிமிட மீட்சி என்ற அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆரோக்கியமானவர்களுக்கு மீட்சிக் காலமாறிலி (இழந்ததில் சுமார் 63 சதவீதம் மீள எடுக்கும் நேரம்) பெரும்பாலும் 25 முதல் 40 வினாடிக்குள் அமையும். பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் அது குறையும். மைட்டோகாண்டிரியாக் கோளாறு உள்ளவர்களிடம் கூடும். அந்த எண் எதிர்பாராததாக வந்தால் உடனே தசையைக் குறை சொல்லவோ, வளைவைப் பொருத்தும் நிரலைத் திருத்தவோ வேண்டாம். முதலில் மூன்று சாட்சிகளை விசாரிக்க வேண்டும்: ஏடிபி சிகரங்களின் பரப்பு பயிற்சி முழுவதும் மாறாமல் நின்றதா, பாஸ்போகிரியேட்டின் இழந்ததைக் கனிமப் பாஸ்பேட் (தனித்து நிற்கும் பாஸ்பேட்) பெற்றதா, பயிற்சி முடியும் நேரத்தில் தசையின் பிஎச் (அமிலமானால் குறையும் எண்) எவ்வளவு இருந்தது. தவறான காலமாறிலிகளில் பெரும்பகுதி மீட்சிக் கட்டத்தில் உருவானவை அல்ல. அவற்றின் காரணம் பயிற்சி முடிவதற்கு முன்பே தரவில் புகுந்திருக்கும்.

சிக்னலே இல்லை, அல்லது எல்லாம் இரைச்சல்

பாஸ்பரஸ் 3 டெஸ்லாவில் சுமார் 51.7 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது, புரோட்டான் 127.7 மெகாஹெர்ட்ஸில். ஆகவே வழக்கமான ஸ்கேனில் சரியாக வேலை செய்யும் கருவி, பல்வகை அணுக்கருக்களுக்கான பெருக்கி இல்லாமலோ இயக்கப்படாமலோ இருந்தால், பாஸ்பரஸுக்கு ஒன்றையும் தராது. புரோட்டான் படம் தெளிவாக வருகிறது என்பதால் பாஸ்பரஸ் பாதையும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. காயில் எந்தச் செருகுவாயில் மாட்டப்பட்டுள்ளது, மென்பொருளில் எந்த அணுக்கரு தேர்வாகியுள்ளது என்பவற்றைப் பார்த்துவிட்டு, பாஸ்பேட் கரைசல் நிரப்பிய சோதனைக் குப்பியைக் காயிலின் மேல் வைத்து அளக்கவும். குப்பியில் சிக்னல் வந்து காலில் வரவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் காயில் அனுப்பும் ரேடியோ அலைத் துடிப்பின் வலிமையில் இருக்கும். மேற்பரப்புக் காயிலின் புலம் ஆழத்துக்கேற்ப விரைவாகத் தேய்வதால், குப்பிக்குப் பொருத்தமான மின்னழுத்தம் காலுக்குப் பொருந்தாது. ஒவ்வொருவருக்கும் ஓய்வு நிலையில் சில வெவ்வேறு மின்னழுத்தங்களில் அளந்து, சிக்னல் உச்சமாகும் இடத்தைக் கண்டு அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

தோலடிக் கொழுப்புத் தடிமனாக இருப்பவர்களிடம் சிக்னல் குறைவது இயல்பு. கொழுப்பு பாஸ்பரஸ் நிறமாலையைக் கலப்படம் செய்வதில்லை. தசையைக் காயிலிலிருந்து தள்ளி வைப்பதே அது செய்யும் தீங்கு.

ஓய்வு நிறமாலையிலேயே விகிதங்கள் பொருந்தவில்லை

ஓய்வில் இருக்கும் மனிதத் தசையில் பாஸ்போகிரியேட்டின் லிட்டருக்குச் சுமார் 33 மில்லிமோல், ஏடிபி சுமார் 8.2 மில்லிமோல் என்று கொள்வது வழக்கம். விகிதம் ஏறத்தாழ 4. உங்கள் விகிதம் 3க்கும் கீழே இறங்கினால், நோயைத் தேடுவதற்கு முன் துடிப்புகளுக்கிடையிலான நேரத்தைப் பார்க்கவும். பாஸ்போகிரியேட்டினின் டி1 நேரம் (துடிப்புக்குப் பின் சிக்னல் மறுபடி திரள்வதைக் குறிக்கும் நேரம்) 3 டெஸ்லாவில் சுமார் 6 முதல் 7 வினாடி. ஏடிபிக்கு அது குறைவு. 2 வினாடிக்கு ஒருமுறை துடிப்பு கொடுத்தால் பாஸ்போகிரியேட்டின் அதிகமாகவும் ஏடிபி குறைவாகவும் அமுங்கிப்போகும். இதற்குத் தீர்வு ஒன்றே: ஒவ்வொருவருக்கும் பயிற்சிக்கு முன், துடிப்புகளுக்கிடையில் 30 வினாடியளவு விட்டு, முழுவதும் தளர்ந்த நிலையில் ஒரு நிறமாலை எடுத்துவைத்து, அதைக் கொண்டு வேகமான அளவீடுகளைத் திருத்த வேண்டும். நூலில் கண்ட டி1 மதிப்பைக் கொண்டு கணக்கில் திருத்துவது இதற்கு அடுத்தபடிதான், ஏனெனில் மேற்பரப்புக் காயிலில் துடிப்பின் கோணம் இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஏடிபியின் ஆல்பா, பீட்டா, காமா என்ற மூன்று சிகரங்களில் பீட்டா மட்டும் குட்டையாக இருந்தால் காரணம் வேறு. அது பாஸ்போகிரியேட்டினிலிருந்து 16 பிபிஎம் (அதிர்வெண்ணின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) தள்ளி, அதாவது 3 டெஸ்லாவில் 800 ஹெர்ட்ஸுக்கும் மேல் விலகி நிற்பதால், நீண்ட துடிப்பின் அதிர்வெண் பட்டை அதை எட்டுவதில்லை, துடிப்பைக் குறுக்கவும். ஏடிபியை அளக்கக் காமா சிகரத்தைப் பயன்படுத்துபவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கிறார்கள்.

அடிக்கோடு அலைபோல வளைந்திருப்பதற்கு இரண்டு மூலங்கள் உண்டு. எலும்பிலும் சவ்வுகளிலும் உள்ள அசைவற்ற பாஸ்பேட்டுகள் அகன்ற மேடு ஒன்றை உண்டாக்குகின்றன. துடிப்புக்கும் பதிவுக்கும் இடையிலான தாமதம் சிகரங்களின் அலைக் கட்டத்தை (ஃபேஸ்) சாய்க்கிறது. கண்ணால் பார்த்து அடிக்கோட்டை நேராக்கும் பழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. ஜேஎம்ஆர்யூஐ மென்பொருளில் உள்ள அமாரெஸ் போன்ற, காலவழித் தரவில் நேரடியாகப் பொருத்தும் முறையில், தாமதத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இரண்டையும் ஒழுங்காகக் கையாளலாம்.

பயிற்சி தொடங்கியதும் எல்லாச் சிகரங்களும் சேர்ந்து மாறுகின்றன

ஏடிபியின் பரப்பு குறைந்தால், முதல் ஐயம் காலின் அசைவின் மீது விழ வேண்டும். மிகக் கடுமையான பயிற்சியில் ஏடிபி உண்மையிலேயே சற்றுக் குறையலாம். இங்கே பேசும் மிதமான பயிற்சியில் அது அசையக் கூடாது. ஏடிபியும் பாஸ்போகிரியேட்டினும் ஒரே விகிதத்தில் குறைந்து, பயிற்சி நின்ற அடுத்த கணமே ஏடிபி பழைய அளவுக்குத் தாவினால், தசை காயிலை விட்டு விலகியிருந்தது என்று பொருள். முழங்காலுக்கு மேலும் கணுக்காலுக்கு அருகிலும் பட்டை போட்டுக் கட்டுவதும், இடுப்பைத் தூக்காமல் பாதத்தை மட்டும் அழுத்தக் கருவிக்கு வெளியிலேயே ஒத்திகை பார்ப்பதும் உதவும்.

சிகரங்கள் அகன்று உயரம் குறைந்து, பரப்பு மட்டும் ஏறத்தாழ மாறாமல் இருந்தால், தசை சுருங்கும்போது உள்ளூர்க் காந்தப்புலத்தின் சீர்மை குலைகிறது. உயரத்தை வைத்துக் கணக்கிடுபவர்களுக்கு இது பாஸ்போகிரியேட்டின் வீழ்ச்சியாகத் தோன்றும். ஓய்வில் ஷிம் செய்தபோது (காந்தப்புலத்தைச் சீராக்கியபோது) கால் இருந்த நிலைக்கே ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் திரும்புமாறு செய்து, இரண்டு அழுத்தங்களுக்கு இடைப்பட்ட தளர்வில் மட்டும் சிக்னலைப் பதிவு செய்வது நல்லது.

ஆனால் இந்தத் தீர்வே புதிய கோளாறு ஒன்றைக் கொண்டுவரும். மிதியின் அசைவைக் கொண்டு பதிவைத் தூண்டினால், பயிற்சி செய்பவரின் தாளத்துக்கேற்பத் துடிப்புகளின் இடைவெளி மாறும். டி1 6.5 வினாடி என்று கொண்டால், 2 வினாடி இடைவெளி 2.5 வினாடியாக நீளும்போது, 90 பாகைத் துடிப்பில் பாஸ்போகிரியேட்டின் சிக்னல் தசையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். களைத்துப்போனவர் கடைசி அழுத்தங்களைத் தாமதிப்பார். அந்த நேரத்தில்தான் நமக்கு மிக முக்கியமான புள்ளிகள் பதிவாகின்றன. ஆகவே தூண்டுவது மிதியாக இருக்கக் கூடாது. கருவி மாறாத இடைவெளியில் ஓட வேண்டும்; கருவியின் ஒலிக்கேற்ப மனிதர் அழுத்த வேண்டும். ஓய்வு, பயிற்சி, மீட்சி மூன்றையும் நிறுத்தாமல் ஒரே தொடராக எடுப்பதும், தொடக்கத்தில் சமநிலை வரும்வரையுள்ள சில பதிவுகளைத் தள்ளிவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பாஸ்போகிரியேட்டின் குறையவே இல்லை

மனிதர் வியர்த்துக் களைத்திருக்கிறார். நிறமாலையிலோ வீழ்ச்சி பத்து சதவீதம்கூட இல்லை. பெரும்பாலும் வேலை செய்த தசை வேறு, காயில் பார்த்த தசை வேறு. முழங்கால் நீட்டியிருக்கும்போது பாதத்தை அழுத்தினால் மேலோட்டமான காஸ்ட்ரோக்னீமியஸ் தசை முன்னின்று உழைக்கும். முழங்கால் மடங்கியிருந்தால் அது தளர்ந்து, ஆழத்தில் உள்ள சோலியஸ் அந்தச் சுமையை ஏற்கும். கருவியின் குழாய்க்குள் வசதிக்காக முழங்காலுக்கடியில் தலையணை வைப்பது சோதனையையே வேறொரு தசைக்கு மாற்றிவிடுகிறது.

ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. வேலை செய்த தசையில் நீரின் டி2 நேரம் (சிக்னல் தேய்ந்து மறைவதைக் குறிக்கும் நேரம்) உயர்ந்து, பயிற்சிக்குப் பின் பல நிமிடங்களுக்கு அப்படியே நிற்கும். மீட்சிப் பதிவு முடிந்ததும் காலை அசைக்காமல் டி2 அழுத்தப் புரோட்டான் படம் ஒன்றை எடுத்து, பயிற்சிக்கு முன் எடுத்ததோடு ஒப்பிட்டால், எந்தத் தசை வெளுத்திருக்கிறதோ அதுவே உழைத்தது. பிரகாசமான பகுதி காயிலின் மேல் அமைந்துள்ளதா என்று பார்த்துவிட்டு அடுத்த முறை இடத்தை மாற்றவும். தசை சரியாகவே இருந்தால் சுமையைக் கூட்டலாம். அந்த நபரின் உச்ச விசையில் ஒரு பங்காகச் சுமையை நிர்ணயிப்பதே முறை, எல்லோருக்கும் ஒரே சுமை என்பது வலுவற்றவர்களை அமிலத்தில் தள்ளி, வலுவானவர்களைச் சும்மா விட்டுவிடும்.

கனிமப் பாஸ்பேட் சிகரம் இரண்டாகப் பிளக்கிறது

இது கருவியின் கோளாறு அல்ல, கவனமாகப் படிக்க வேண்டிய செய்தி. கனிமப் பாஸ்பேட்டின் இடம் பிஎச்சைப் பொறுத்து நகர்கிறது. பாஸ்போகிரியேட்டினிலிருந்து அது விலகியுள்ள தொலைவை பிபிஎம்மில் எடுத்து, அதிலிருந்து 3.27ஐக் கழித்ததை, 5.69இலிருந்து அத்தொலைவைக் கழித்ததால் வகுத்து, அந்த ஈவின் பத்தடிமான மடக்கையை 6.75உடன் கூட்டினால் பிஎச் கிடைக்கும். பிஎச் 7.0இல் தொலைவு சுமார் 4.82, 6.5இல் சுமார் 4.14. இரண்டு சிகரங்கள் தெரிகின்றன என்றால், காயிலின் பார்வைக்குள் இரண்டு வெவ்வேறு பிஎச் உள்ள பகுதிகள் இருக்கின்றன: கடுமையாக உழைத்து அமிலமான தசை ஒன்று, அருகில் அதிகம் உழைக்காத தசை ஒன்று, அல்லது ஒரே தசைக்குள் வெவ்வேறு வகை இழைகள்.

அந்த இரு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு 3 டெஸ்லாவில் சுமார் 35 ஹெர்ட்ஸ், 1.5 டெஸ்லாவில் அதில் பாதி. எனவே பழைய கருவிகளில் இதே தசை ஒற்றையான, சற்று அகன்ற சிகரத்தையே காட்டும்; அதன் நடுப்புள்ளியில் பெறும் பிஎச் எந்தத் தசையிலும் இல்லாத ஒரு சராசரி. பிளவு தெரியவில்லை என்பதற்காகக் கலப்பு இல்லை என்று எண்ணிவிட முடியாது. பாஸ்போகிரியேட்டினின் அகலம் மாறாமல் கனிமப் பாஸ்பேட் மட்டும் அகன்றிருந்தால், பிளவு மறைந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

கலப்பின் விளைவு பிஎச்சோடு நிற்பதில்லை. உழைக்காத தசையின் பாஸ்போகிரியேட்டின் மாறாமல் நின்று மொத்தத்தை உயர்த்திக் காட்டுவதால், உழைத்த தசையின் உண்மையான வீழ்ச்சி குறைவாகத் தெரியும். மாறாத அந்தப் பங்கு மீட்சி வளைவின் வடிவத்தைக் கெடுக்காது. ஆனால் வெவ்வேறு வேகத்தில் மீளும் இரண்டு தசைகள் கலந்தால், ஒரே காலமாறிலியைக் கொண்ட ஒற்றை அடுக்குக்குறி வளைவு பொருந்தாமல், தொடக்கத்தில் வேகமாகவும் பின்னால் மந்தமாகவும் விலகி நிற்கும். இடங்குறித்த அளவீடே முறையான தீர்வு: ஒரு பலகையளவு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் எளிய முறையோ, செமி-லேசர் போன்ற கனசதுரத் தேர்வு முறையோ பயன்படலாம். இவற்றுக்குச் சிக்னலில் விலை கொடுக்க வேண்டும். 3 டெஸ்லாவில் சிறிய தசைகளுக்கு அந்த விலை தாங்க முடியாததாகலாம், 7 டெஸ்லாவில் தாங்கலாம். இடங்குறிக்க வசதி இல்லாதவர்கள், சுமையைக் குறைத்துப் பிளவு தோன்றாத அளவில் பயிற்சியை நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை: 7 டெஸ்லாவில், ஓய்விலேயே, சுமார் 5.1 பிபிஎம்மில் ஒரு சிறிய சிகரம் தெரிவது உண்டு. அது காரத்தன்மை மிகுந்த வேறொரு பாஸ்பேட் தொகுதி. மைட்டோகாண்டிரியாவுக்குள் உள்ளதாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதைப் பயிற்சியால் வந்த பிளவோடு குழப்ப வேண்டாம்.

பிஎச் எதிர்த்திசையில் போகிறது, அல்லது கணக்கிடவே முடியவில்லை

பயிற்சியின் முதல் அரை நிமிடத்தில் பிஎச் உயர்ந்தால் அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டாம். பாஸ்போகிரியேட்டின் சிதையும் வினையே ஒரு ஹைட்ரஜன் அயனியை உட்கொள்கிறது. கிளைக்கோஜன் சிதைவால் அமிலம் சேர்வதற்கு முன் தசை சிறிது காரமாவது இயல்பு. மறுபுறம், பயிற்சி நின்ற பின் பிஎச் இன்னும் சற்று இறங்குவதும் இயல்பே, ஏனெனில் பாஸ்போகிரியேட்டின் மறுபடி உருவாகும்போது அதே அயனி வெளிவிடப்படுகிறது. முழுப் பயிற்சியிலும் பிஎச் இறங்கவே இல்லையென்றால், சுமை இலேசாக இருந்ததா என்று முதலில் பார்க்கவும். பாஸ்போகிரியேட்டின் பெருமளவு தீர்ந்தும் இறங்கவில்லையென்றால், ராடா குழு 1981இல் கண்டதைப் போன்ற கிளைக்கோஜன் சிதைவுக் குறைபாட்டை நினைக்கலாம்.

மீட்சியின் ஓரிரு நிமிடங்களில் கனிமப் பாஸ்பேட் இரைச்சலுக்குள் மறைந்து, பிஎச் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறுவதைப் பலர் ஷிம் கெட்டுவிட்டதாக எண்ணுகிறார்கள். உண்மையில் கனிமப் பாஸ்பேட் பாஸ்போகிரியேட்டினைவிட விரைவாக மீண்டு, ஓய்வு மட்டத்துக்கும் கீழே இறங்கி, பிறகு மெல்ல ஏறுகிறது. அந்த இடைவெளியில் பிஎச்சை அறிய முடியாது என்று ஒப்புக்கொண்டு, அப்புள்ளிகளை விட்டுவிடுவதே நேர்மை. பக்கத்தில் சுமார் 7 பிபிஎம்மில் ஒரு சிகரம் வளர்ந்திருந்தால், அது கிளைக்கோஜன் சிதைவில் இடைப்பட்டு நிற்கும் சர்க்கரைப் பாஸ்பேட்டுகள். பாஸ்போகிரியேட்டின், கனிமப் பாஸ்பேட் இரண்டின் கூட்டுத்தொகை குறைந்துபோனதற்கும் அதுவே விடையாக இருக்கக்கூடும். கணக்கில் அதையும் சேர்த்துப் பார்க்கவும்.

மீட்சிக் காலமாறிலி நம்ப முடியாத அளவுக்கு நீள்கிறது

ஆரோக்கியமான இளைஞருக்கு 70, 80 வினாடி என்று வந்தால், பயிற்சி முடிவில் இருந்த பிஎச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிரியேட்டின் கைனேஸ் (பாஸ்போகிரியேட்டினையும் ஏடிபியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் நொதி) வினையின் சமநிலையில் ஹைட்ரஜன் அயனியும் ஒரு பங்காளி. பாஸ்போகிரியேட்டின் அளவு அதே நிலையில் இருந்து, பிஎச் மட்டும் 7.0இலிருந்து 6.5க்கு இறங்கினால், கணக்கின்படி, ஏடிபி சிதைந்து கிடைக்கும் அடினோசின் டைபாஸ்பேட்டின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.  மைட்டோகாண்டிரியாவை வேலை செய்யத் தூண்டுவது அந்த டைபாஸ்பேட்தான். ஓய்வில் லிட்டருக்குப் பத்துப் பதினைந்து மைக்ரோமோல் அளவிலேயே இருக்கும் அது, நிறமாலையில் நேரடியாகத் தெரியாது. சமநிலைச் சமன்பாட்டிலிருந்து கணக்கிட்டே அதைப் பெறுகிறோம். அமிலமான தசையில் அமிலம் வெளியேறும் வேகமே பாஸ்போகிரியேட்டின் மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது; அப்போது நாம் அளப்பது மைட்டோகாண்டிரியாவை அல்ல. முடிவுப் பிஎச் 6.8க்குக் கீழே போன பதிவுகளைக் காலமாறிலி ஒப்பீட்டில் சேர்க்காமல் இருப்பது பாதுகாப்பு. பயிற்சியைக் குறுக்கி, சுமையைச் சற்றுத் தளர்த்தி மறுபடி அளந்தால் எண் இறங்கிவருவதைக் காணலாம்.

பிஎச் நன்றாக இருந்தால் வீழ்ச்சியின் அளவைப் பார்க்கவும். பாஸ்போகிரியேட்டின் ஓய்வு அளவில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாத பதிவில், இரைச்சலின் ஏற்ற இறக்கமே மீட்சிபோலத் தோன்றும். பொருத்தும் நிரல் எதையாவது ஒரு எண்ணைக் கொடுத்தே தீரும். வீழ்ச்சி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருந்து, பிஎச் அதிகம் இறங்காமல் நிற்பதுதான் நமக்கு வேண்டிய குறுகிய வெளி.

அடுத்து, பதிவு எவ்வளவு நேரம் நீடித்தது என்பது. வளைவு எங்கே சமன்படுகிறது என்று தெரியாவிட்டால், காலமாறிலியும் இறுதி மட்டமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இரண்டுமே மிகையாகிவிடும். காலமாறிலியைப் போல ஐந்து மடங்கு நேரமாவது பதிவு வேண்டும். 30 வினாடிக்காரருக்கு இரண்டரை நிமிடம் போதும், 80 வினாடிக்காரருக்கு அது போதாது. யார் எந்த வகை என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லோருக்கும் ஏழு நிமிடம் பதிவு செய்துவிடலாம்.

நேரக்குறிப்புப் பிழைகளைப் பற்றி அடிக்கடி எழும் கவலையில் பாதி தேவையற்றது. ஒற்றை அடுக்குக்குறி வளைவை ஐந்து வினாடி நகர்த்தினாலும் காலமாறிலி மாறாது. சம அளவான தொகுதிகளாகச் சராசரி எடுத்தாலும் மாறாது. ஆனால் பயிற்சி முடிந்த கணத்தில் இருந்த வீழ்ச்சியைக் காலமாறிலியால் வகுத்துத் தொடக்க மீட்சி வேகத்தைப் பெறுபவர்களுக்கு, 30 வினாடிக் காலமாறிலியில் ஐந்து வினாடிப் பிழை அந்த வேகத்தைச் சுமார் 18 சதவீதம் திரித்துவிடும். இன்னும் அழுத்திக்கொண்டிருந்தபோது எடுத்த புள்ளியை மீட்சியின் முதல் புள்ளியாகச் சேர்த்துக்கொள்வது வேறு. அது காலமாறிலியையே நீட்டும். நகரும் சராசரியால் புள்ளிகளை மென்மையாக்கிவிட்டுப் பொருத்தினால் கோடு அழகாக அமையும், பிழை எல்லையோ பொய்யாகச் சுருங்கும்.

இவை யாவும் சரியாக இருந்தும் எண் நீண்டே நின்றால், ஆக்ஸிஜன் வரத்தை நினைக்க வேண்டும். கால் தமனி அடைப்பு உள்ளவர்களிடம் மைட்டோகாண்டிரியா நலமாக இருந்தாலும் மீட்சி மந்தமாகும். காலமாறிலி ஒன்றை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க இயலாது. இரத்த ஓட்டத்தைத் தனியே அளந்தால்தான் முடியும். தொடையில் காற்றுப்பட்டை கட்டி, பயிற்சி முடிவதற்குச் சற்று முன் இரத்த ஓட்டத்தை நிறுத்தி வைத்தால், ஆக்ஸிஜன் இல்லாததால் பாஸ்போகிரியேட்டின் இறங்கிய மட்டத்திலேயே நிற்கும். அப்படி நிற்காமல் ஏறினால் பட்டை முழுவதும் அடைக்கவில்லை, அல்லது பயிற்சியின்போது கால் அசைந்து தரவு கெட்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த உறைந்த நிலையில் நிதானமாகச் சராசரி எடுத்து முடிவுப் பிஎச்சையும் துல்லியமாகப் பெறலாம். தமனி நோயோ இரத்தம் உறையும் அபாயமோ உள்ளவர்களிடம் இதைச் செய்யக் கூடாது.

ஒரே நபருக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு விடை

காயில் வைத்த இடத்தையும் முழங்காலின் கோணத்தையும் குறித்துவைத்திருந்தால் இதில் பெரும்பகுதி தீரும். எஞ்சியதற்கு, முந்தைய சில நாள்களில் பழக்கமில்லாத கடும் பயிற்சி செய்தாரா என்று கேட்கவும். மலையிறக்கம் போல, தசை நீண்டுகொண்டே தாங்கும் வேலைக்குப் பின், ஓய்விலேயே கனிமப் பாஸ்பேட்டுக்கும் பாஸ்போகிரியேட்டினுக்கும் உள்ள விகிதம் சில நாள்களுக்கு உயர்ந்திருக்கும்.

கிரியேட்டின் படமும் பாஸ்பரஸ் நிறமாலையும் ஒத்துப்போகவில்லை

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த, நீர்ச் சிக்னல் வழியாகக் கிரியேட்டினைப் படமாக்கும் கிரெஸ்ட் முறையை இப்போது பலர் பாஸ்பரஸோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். நீரிலிருந்து 1.8 பிபிஎம் தள்ளியுள்ள கிரியேட்டினின் புரோட்டான்களை அமுக்கினால், அவை நீரோடு இடம் மாறி நீரின் சிக்னலைக் குறைக்கும். பயிற்சியில் பாஸ்போகிரியேட்டின் கிரியேட்டினாக மாறும்போது இவ்விளைவு கூடும். பாஸ்பரஸுக்கு வாய்க்காத ஒன்றை இது தருகிறது: காஸ்ட்ரோக்னீமியஸின் உட்பகுதி, வெளிப்பகுதி, சோலியஸ் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் படம்.

இரண்டும் முரண்படும்போது, படத்தில் காயில் பார்த்த பகுதியை மட்டும் வரைந்து சராசரி எடுத்தீர்களா என்று பார்க்கவும். காலின் முழுக் குறுக்குவெட்டையும் மேற்பரப்புக் காயிலோடு ஒப்பிடுவது பொருந்தாது. பிறகு காந்தப்புல நகர்வு: 3 டெஸ்லாவில் 1.8 பிபிஎம் என்பது சுமார் 230 ஹெர்ட்ஸ்தான். கால் சற்று அசைந்து புலம் 0.2 பிபிஎம் நகர்ந்தால், நீரின் இரு பக்கங்களையும் கழித்துப் பெறும் விடையில் அது கிரியேட்டினாகவே தோன்றும். பயிற்சிக்கு முன் எடுத்த புல வரைபடத்தைக் கொண்டு பின்னால் எடுத்த படங்களைத் திருத்துவது போதாது. பயிற்சிக்குப் பின் மறுபடி எடுக்க வேண்டும். தசை அமிலமானால் புரோட்டான் பரிமாற்ற வேகம் குறைந்து, கிரியேட்டின் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். இங்கேயும் பாஸ்பரஸ் தரும் பிஎச்தான் தீர்ப்புச் சொல்லும். பாஸ்போகிரியேட்டின் முழுவதும் மீண்ட பிறகும் கிரியேட்டின் படம் ஓய்வு நிலைக்குத் திரும்பாமல் நின்றால், பயிற்சியால் உயர்ந்த நீரின் டி2 இன்னும் இறங்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம். அதைச் சரிபார்க்க டி2 வரைபடத்தையும் இடையிடையே எடுக்கவும். ஒரு படத்துக்கு அரை நிமிட அளவில் நேரம் எடுக்கும் முறையில் 30 வினாடிக் காலமாறிலியைப் பொருத்த முயன்றால், முதல் படம் முடிவதற்குள்ளேயே மீட்சியில் பாதிக்கு மேல் நடந்துவிடும். ஆகவே வேகத்தைப் பாஸ்பரஸிலிருந்தும், எந்தத் தசை எவ்வளவு உழைத்தது என்பதைப் படத்திலிருந்தும் எடுத்துக்கொள்வதே இப்போதைக்குச் சரி.